அடையாற்றுச் சேற்றில் மைக்ரோபிளாஸ்டிக் எண்ணுவது எப்படி?

அடையாறு கடலில் சேரும் இடத்தில், உடைந்த பாலத்துக்குப் பக்கம், தண்ணீர் இறங்கியிருக்கும் ஒரு காலையில் கரையோரச் சேற்றை ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் போடுங்கள். முதலில் கறுப்புச் சேறு மட்டும்தான் தெரியும். கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லக் கலக்கினால் ஒவ்வொன்றாக மேலே வரும். கடுகைவிடச் சற்றுப் பெரிய தெர்மாகோல் மணி. பால் கவரின் மூலையிலிருந்து பிய்ந்து வந்த நீலத் துணுக்கு. மணல் மூட்டைச் சாக்கிலிருந்து உரிந்த, ரிப்பன் போலத் தட்டையான வெள்ளை நார். இதெல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாதவை அதே கரண்டியில் இன்னும் கிடக்கும்.

கரையில் ஒதுங்கிய பாட்டிலையும் பையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் சேர்ந்தால் அள்ளிவிடலாம். இந்தத் துணுக்குகளை யாராலும் அள்ள முடியாது. அள்ள முடியாததை எண்ணிப் பார்க்கவாவது வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் எது அதிகம் என்று தெரிந்தால்தான், எந்த வாய்க்காலைப் பார்த்துக் கேள்வி கேட்பது என்று புரியும். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஆற்றோரம் குடியிருப்பவர்கள் என்று யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அடையாற்றை வைத்துச் சொல்கிறேன். கூவம், வைகை, நொய்யல் என்று உங்கள் ஊர் ஆறு எதுவானாலும் வேலை இதேதான்.

என்னென்ன கிடைக்கும்?

5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் எல்லாமே மைக்ரோபிளாஸ்டிக். நுண்நெகிழி என்றும் சொல்கிறோம். கடற்கரை மணலிலும் கடல் நீரிலும் இருக்கும் இந்தத் துணுக்குகளைப் பற்றி இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் எங்கும் பரவியது. ஆறுகளைப் பற்றிய கவனம் அதற்கும் பின்னால்தான் வந்தது. கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு நிலத்திலிருந்து போவதுதான், ஆறுதான் அதற்குப் பெரிய வழி என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதன்முறை பார்ப்பவர்கள் ஐந்தாறு வகைகளைக் கண்ணில் பதிய வைத்துக்கொண்டால் போதும்.

இழை என்பது தலைமுடியைவிட மெல்லிய நூல். பாலியெஸ்டர், அக்ரிலிக், நைலான் துணிகளைத் துவைக்கும்போது உதிர்வது. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை வாஷிங் மெஷினில் போட்டால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று 2016இல் பிளிமத் ஆய்வாளர்களே கணக்கிட்டார்கள். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் பெரும்பகுதி கசடில் தங்கிவிடும். நேராக ஆற்றுக்குப் போனால் எல்லாமே ஆற்றுக்குத்தான்.

படலம் என்பது பை, கவர், ஷாம்பு சாஷே போன்றவற்றின் கிழிசல். மெல்லியது, ஊசியால் தொட்டால் மடங்கும். துண்டு என்பது வாளி, மூடி, குழாய் போன்ற கெட்டிப் பொருள் உடைந்தது, ஓரங்கள் கூராக இருக்கும். நுரை என்றால் பெரும்பாலும் தெர்மாகோல், மெத்தைப் பஞ்சு. அப்புறம் நாடா. இதைப் புத்தகங்களில் தனி வகையாகப் பிரிப்பதில்லை, ஆனால் நம் ஊர் ஆறுகளுக்குத் தனியாகவே எழுதி வையுங்கள் என்பேன். கரையைப் பலப்படுத்த மணல் மூட்டை அடுக்குகிறார்களே, அந்த பாலிபுரொப்பிலீன் சாக்கு வெயிலில் காய்ந்து நார் நாராக உரியும். விரலால் தேய்த்தால் தூளாகவே போய்விடும். நீலத் தார்ப்பாயும் பச்சை நிழல்வலையும் இப்படியேதான் சிதைகின்றன. முகத்துவாரத்துப் பக்கம் போனால் மீன்வலையின் நீல, பச்சை நூல்களும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாகக் குருணை. பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஆலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும் பயறு அளவு மணிகள். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கைக் கடற்கரையில் வெள்ளையாகக் குவிந்தது இதுதான். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கிய பிறகு கன்னியாகுமரிக் கடற்கரை வரை ஒதுங்கியதும் இதுதான். ஆற்றின் மேல்பகுதிச் சேற்றில் குருணை கிடைத்தால் அதைக் கப்பலின் தலையில் கட்ட முடியாது. பக்கத்தில் எங்கோ ஆலையோ கிடங்கோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இடமும் காலமும்

மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில் தொடங்கி, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது அடையாறு. செம்பரம்பாக்கம் ஏரி திறந்தால் அந்தத் தண்ணீரும் இதில்தான் வருகிறது. இவ்வளவு நீளத்தையும் ஒருவரால் பார்க்க முடியாது. மூன்று இடங்கள் போதும். நகரம் நெருக்கமாவதற்கு முன் ஒன்று, திருநீர்மலைப் பக்கம். நகரத்துக்குள் ஒன்று, சைதாப்பேட்டை அல்லது கோட்டூர்புரம். முகத்துவாரத்தில் ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கே போங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால், எண்ணிக்கை மாறியது ஆற்றினாலா இடத்தினாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்துக்கு நேராக நின்று எடுக்காதீர்கள். அது அந்த வாய்க்காலின் கணக்கு. வாய்க்காலைத்தான் சந்தேகிக்கிறீர்கள் என்றால் அதற்கு மேலே 50 மீட்டரில் ஒன்று, கீழே 50 மீட்டரில் ஒன்று எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு வேண்டிய பதில்.

காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் நகரைச் சுற்றியுள்ள ஆறுகளின் படுகையை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். ஓரிடத்தில் சதுர மீட்டருக்கு 5 லட்சத்துக்கும் மேல் துணுக்குகள் இருந்தன. அதைவிட முக்கியமான விஷயம், 2015-16 குளிர்கால வெள்ளத்துக்குப் பிறகு அதே இடங்களில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, படுகையில் கிடந்ததில் சுமார் 70 சதவீதம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆற்றுப்படுகை ஒரு கிடங்கு மாதிரி. மழையில்லாத மாதங்களில் சேர்த்து வைக்கிறது, வெள்ளம் வந்தால் மொத்தமாகக் கடலுக்கு அனுப்பிவிடுகிறது.

அடையாற்றுக்கு இதை வைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. செப்டம்பரில் எடுக்கும் சேறும் ஜனவரியில் எடுக்கும் சேறும் ஒன்றாக இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஆறு எதையெல்லாம் கடலுக்குள் தள்ளியது என்று அப்போது யாராவது அளந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் வருடத்துக்கு இரண்டே முறைதான் முடியும் என்றால் மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும். முகத்துவாரத்தில் கடல் ஓதம் இறங்கும் நேரத்தில் எடுங்கள். ஏறும் நேரத்தில் வருவது கடல் தண்ணீர். மணல் திட்டு வாயை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆற்றில் இறங்கும் முன்

அடையாற்றில் சாக்கடை கலக்கிறது. இதை மறந்துவிட்டு வேலை செய்யக் கூடாது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள், எலிக்காய்ச்சல் வருவது இப்படித்தான். தனியாகப் போகவே கூடாது. ஆற்றுக்குள் நடக்கவும் கூடாது. சேறு காலை உள்வாங்கும், அடியில் கண்ணாடியும் கம்பியும் கிடக்கும். முகத்துவாரத்தில் நீரோட்டம் பார்ப்பதற்கு அமைதியாகத்தான் இருக்கும், நம்ப வேண்டாம். கரையில் நின்று கைக்கு எட்டுவதை மட்டும் எடுங்கள். மாணவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அடையாறு பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் எதையும் எடுக்க முடியாது.

சாமான்கள்

இந்த வேலைக்கு முக்கியமான கருவி சல்லடை. விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. சிவில் இன்ஜினியரிங் படிப்பு உள்ள எந்தக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் மண் பரிசோதனைக்கு ஐஎஸ் (இந்தியத் தர அளவு) சல்லடை அடுக்கு இருக்கும். அதில் 4.75 மில்லிமீட்டர் சல்லடையையும் 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) சல்லடையையும் இரவல் கேளுங்கள். முதலாவது ஏறக்குறைய நம்முடைய 5 மில்லிமீட்டர் எல்லை. இரண்டாவது, கடலில் மைக்ரோபிளாஸ்டிக் பிடிக்க இழுக்கும் வலையின் கண் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். கம்பி வலையும் உலோகச் சட்டமும் என்பதால் சல்லடையிலிருந்தே பிளாஸ்டிக் உதிரும் பயமும் இல்லை.

மற்றவை வீட்டிலேயே இருக்கும். எவர்சில்வர் வாளி, கரண்டி, நான்கைந்து பெரிய கண்ணாடி ஜாடி, அலுமினியத் தாள், சமையலறைத் தராசு, வெள்ளைப் பீங்கான் தட்டு, சாமணம், தையல் ஊசி, பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ். பள்ளியில் மைக்ரோஸ்கோப் இருந்தால் நல்லது, குறைந்த பெருக்கமே போதும். வாளியில் கட்ட நைலான் கயிறு வேண்டாம், தேங்காய் நார்க் கயிறு கட்டுங்கள். ஜாடியின் மூடி பிளாஸ்டிக் என்றால் வாயில் அலுமினியத் தாளை வைத்து அதன்மேல் மூடுங்கள்.

கழுவுவதற்கு நிறையத் தண்ணீர் தேவைப்படும். கேன் தண்ணீர் பிளாஸ்டிக்கில்தான் வருகிறது, அதனால் எந்தத் தண்ணீரானாலும் வடிதாளில் வடிகட்டி எவர்சில்வர் குடத்தில் மூடி வையுங்கள். இது அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் மற்ற எல்லாமே வீண்.

வெற்று மாதிரி

ஆற்றுக்குப் போகும் முன்பே இதைச் செய்து பழக வேண்டும் என்பது என் அனுபவம். முதன்முதலில் நான் எண்ணியபோது ஒரு ஜாடித் தண்ணீரில் நீல இழைகள் ஏராளமாக இருந்தன. ஆற்றில் இவ்வளவு இழையா என்று அதிர்ந்து, நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். மறுநாள், ஆற்றுத் தண்ணீரே இல்லாமல், வடிகட்டிய தண்ணீரை மட்டும் அதே சல்லடையில் ஊற்றி, அதே தட்டில் வைத்துப் பார்த்தேன். அதிலும் நீல இழைகள். லென்ஸில் வைத்து என் சட்டையின் நூலோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றுதான். நீலப் பாலியெஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எண்ணியிருந்தேன். சொன்னவர்களுக்கெல்லாம் மறுபடி போன் செய்து அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஆற்று மாதிரிக்கு என்னென்ன செய்கிறீர்களோ அத்தனையையும் வெறும் வடிகட்டிய தண்ணீருக்கும் செய்து, அதில் கிடைப்பதையும் எண்ணி எழுதுவதுதான் வெற்று மாதிரி. மூன்று ஆற்று மாதிரிக்கு ஒரு வெற்று மாதிரியாவது வேண்டும். கரையில் வேலை செய்யும்போது ஈரமான வடிதாள் ஒன்றை ஒரு தட்டில் திறந்து வையுங்கள், காற்றில் வருவது அதில் ஒட்டும். வேலை முடியும் வரை பருத்தி உடுத்துங்கள், கைத்தறி வேட்டி சட்டை என்றால் இன்னும் நல்லது. எல்லோரும் ஒரே வெளிர் நிறத்தில் உடுத்திப் போனால் பிறகு சந்தேகம் வரும்போது கண்டுபிடிப்பது எளிது. அறையில் விசிறியை நிறுத்துங்கள். பார்க்காத நேரத்தில் தட்டு மூடியே இருக்கட்டும்.

தண்ணீர் எடுப்பது

4.75 சல்லடையை மேலேயும் 300 மைக்ரானைக் கீழேயும் அடுக்கி, பத்து லிட்டர் வாளியால் தண்ணீர் மொண்டு ஊற்றுங்கள். பத்து வாளி, 100 லிட்டர். வாளியை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வீசி, மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள் மொள்ளுங்கள். அடிச்சேற்றைக் கலக்கிவிடக் கூடாது. சைதாப்பேட்டையில் ஐந்தாறு வாளியிலேயே சல்லடை பாசியும் கசடும் அடைத்துக்கொள்ளும். அப்போது நிறுத்திவிட்டு, எத்தனை வாளி ஊற்றினோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். 60 லிட்டர்தான் ஊற்ற முடிந்தது என்றால் 60 என்றே எழுத வேண்டும்.

மேல் சல்லடையில் நின்ற இலை, குச்சி, பெரிய துண்டுகளை வடிகட்டிய தண்ணீரால் அலசி, ஒட்டியிருப்பதைக் கீழ்ச் சல்லடைக்கு இறக்கிவிட்டுத் தனியே வையுங்கள். அப்புறம் கீழ்ச் சல்லடையைக் கவிழ்த்துப் பிடித்து, பின்பக்கமாகத் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் ஜாடிக்குள் இறக்குங்கள். ஜாடியில் இடம், தேதி, நேரம், லிட்டர், மழை பெய்த நாள் ஆகியவற்றை எழுதிய சீட்டை ஒட்டுங்கள்.

ஒரு விஷயத்தை இப்போதே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இழையின் தடிமன் 300 மைக்ரானைவிட மிகக் குறைவு. நீளவாக்கில் திரும்பினால் சல்லடைக் கண் வழியாக நழுவிப் போய்விடும். அதனால் நீங்கள் எண்ணும் இழைகள் குறைந்தபட்சக் கணக்கு. உண்மையில் அதைவிட அதிகம்தான் இருக்கும்.

சேறு எடுப்பது

தண்ணீரில் இருப்பது நேரத்துக்கு நேரம் மாறும். சேற்றில் இருப்பதுதான் பல மாதக் கதை. எனவே ஒன்றுதான் முடியும் என்றால் சேற்றையே எடுங்கள்.

தண்ணீர் ஓரத்தில், ஒரு சாண் பக்கமுள்ள சதுரத்தைக் குச்சியால் கோடு போட்டு, மேல் 5 சென்டிமீட்டரை மட்டும் எவர்சில்வர் கரண்டியால் சுரண்டி ஜாடியில் போடுங்கள். அதே இடத்தில் பத்துப் பதினைந்து அடி தள்ளித் தள்ளி இன்னும் இரண்டு எடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடலாம். அதற்குத்தான் மூன்று. ஓரிடத்தில் ஒரே ஒரு கரண்டி எடுத்துவிட்டு ஆற்றைப் பற்றிப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

பிரித்தெடுப்பது

சேற்றை அகலமான எவர்சில்வர் தட்டில் பரப்பி, துளையிட்ட அலுமினியத் தாளால் மூடி வெயிலில் காய வையுங்கள். அடுப்பிலோ சூடான அவனிலோ வேண்டாம், சில பிளாஸ்டிக் உருகிச் சுருங்கும். நன்றாகக் காய்ந்ததும் 200 கிராம் நிறுத்து எடுங்கள். இந்த எடைதான் பிறகு கணக்குக்கு அடிப்படை.

அந்த 200 கிராமை வடிகட்டிய தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் கட்டிகள் கரையும் வரை கிளறி, இரண்டு சல்லடையிலும் அலசுங்கள். களிமண் எல்லாம் கீழே போய்விடும். 300 மைக்ரான் சல்லடையில் மணலும் இலைத்தூளும் சிப்பியும் பிளாஸ்டிக்கும் நிற்கும்.

இனி உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 360 கிராம் உப்பு கரையும். அதற்கு மேல் போட்டால் அடியில் நிற்கும், அதுவரை போடலாம். இதன் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.2 மடங்கு. மணல் அடியில் இருக்கும், பிளாஸ்டிக் மிதந்து வரும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடல் உப்பிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருக்கிறது, மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் இந்திய உப்புகளில் கண்டு எழுதியிருக்கிறார்கள். எனவே உப்புத் தண்ணீரையும் வடிதாளில் வடிகட்டிய பிறகே பயன்படுத்துங்கள். வெற்று மாதிரிக்கும் இதே உப்புத் தண்ணீர்தான்.

சல்லடையில் நின்றதை உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, உப்புத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நிமிடம் கிளறி, மூடி வைத்து ஓரிரு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மேலே மிதப்பதை மெதுவாகச் சாய்த்து 300 மைக்ரான் சல்லடையில் ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. கடைசியில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுங்கள்.

எது மிதக்கும், எது மிதக்காது என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பை, சாக்கு ஆகியவற்றின் பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். தெர்மாகோலும் அப்படியே. கெட்டி பாலிஸ்டைரீனும் நைலானும் உப்புத் தண்ணீரில் மிதக்கும். ஆனால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், பாலியெஸ்டர் இழை, பிவிசி குழாய்த் துண்டு ஆகியவை 1.3க்கு மேல் அடர்த்தி உள்ளவை. அவை மணலோடு அடியில் நிற்கும். இந்த முறையில் அவற்றில் பெரும்பகுதி தப்பிவிடும் என்பதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். தண்ணீர் மாதிரிக்கு உப்பு வேலை கிடையாது என்பதால் அதில் பாலியெஸ்டர் சிக்கும். இரண்டையும் எடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலைத்தூளும் பாசியும் நிறைய இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் இரண்டு மூன்று நாள் ஊற வைக்கலாம். வீட்டில் 3 அல்லது 6 சதவீதக் கரைசலே போதும், 30 சதவீதத்தைக் கல்லூரி ஆய்வகத்துக்கு வெளியே தொடவே வேண்டாம். ஜாடியை இறுக்கி மூடாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கலாம். சூடாக்கவும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக்தானா?

நேரம் பிடிக்கும் வேலை இதுதான், எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். தட்டை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைத் துணுக்கு தெரியாது, அதனால் ஒரு முறை கறுப்புத் தாளின்மேல் வைத்தும் பாருங்கள்.

இழை என்றால் முனையிலிருந்து முனைவரை ஒரே தடிமனாக இருக்கிறதா? வேர், புல்லின் நார் எல்லாம் ஒரு பக்கம் குறுகும், கிளைவிடும், கணு இருக்கும். நிறம் ஒரே சீராக இருக்கிறதா? லென்ஸில் செல் அமைப்பு, நரம்பு எதுவும் தெரிகிறதா? தெரிந்தால் அது பிளாஸ்டிக் இல்லை. ஊசியால் அழுத்திப் பாருங்கள். இலைத்தூள் நொறுங்கும், பிளாஸ்டிக் வளைந்து திரும்பும் அல்லது துள்ளும். வெள்ளைச் சில்லு சிப்பியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், சிப்பி நுரைக்கும்.

அதற்கும் பிடிபடாதவற்றுக்குச் சூடான ஊசி. ஸ்பிரிட் விளக்கில் ஊசியைக் காய்ச்சி, துணுக்குக்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமலும் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் சுருளும், உருகும், ஊசியில் ஒட்டும். பருத்தியும் இலையும் கருகுமே தவிர உருகாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஒரு முறை உருக்கியதை மறுபடி யாரிடமும் காட்ட முடியாது, அதனால் சந்தேகமானவற்றில் சிலவற்றுக்கு மட்டும்.

ரேயான் இழை பார்ப்பதற்குப் பாலியெஸ்டர் மாதிரியே சீராக இருக்கும், ஆனால் மரக்கூழில் செய்தது, உருகாது. டயர் தேய்ந்த துகள் கறுப்பாக, அழுத்தினால் ரப்பர் போல நசுங்கித் திரும்பும். அதுவும் ஊசிக்கு உருகாது. சாலையிலிருந்து மழைநீர் வடிகால் வழியாக இது நிறைய வருகிறது, ஆனால் லென்ஸை வைத்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். 'சந்தேகம், கறுப்பு' என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். எதையாவது ஒன்றில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

எந்த வகை பிளாஸ்டிக் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் எப்டிஐஆர் கருவியோ ராமன் கருவியோ வேண்டும். பெரிய கல்லூரிகளில் இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் கடற்குப்பை பற்றியே வேலை செய்கிறது. பிடித்தவற்றில் பத்தில் ஒரு பங்கைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பத்திரப்படுத்தி வையுங்கள். பரிசோதிக்க யாராவது முன்வந்தால், உங்கள் கண் எத்தனை தடவை சரியாகச் சொன்னது என்றும் தெரிந்துவிடும்.

கணக்கு எழுதுவது

உதாரணத்துக்கு, 200 கிராம் காய்ந்த சேற்றில் 34 கிடைத்தன என்று வையுங்கள். இழை 15, படலம் 9, நாடா 6, நுரை 4. வெற்று மாதிரியில் 6 இழைகள் இருந்தன. இழையில் ஆறைக் கழித்தால் 9. மொத்தம் 28. ஒரு கிலோவுக்கு 140. மூன்று மாதிரிகளையும் இப்படித் தனித்தனியே எழுதி, சராசரியையும், குறைந்தது எவ்வளவு கூடியது எவ்வளவு என்பதையும் கீழே எழுதுங்கள். தண்ணீர் என்றால் லிட்டருக்கு எத்தனை என்று.

பக்கத்தில் சல்லடை அளவைக் கட்டாயம் எழுதுங்கள். 300 மைக்ரானில் பிடித்த 140ஐயும் வேறொருவர் 20 மைக்ரானில் பிடித்த ஆயிரங்களையும் பக்கத்தில் வைத்து அந்த ஆறு மோசம், இந்த ஆறு பரவாயில்லை என்று பேச முடியாது. சின்னக் கண் உள்ள சல்லடையில் எப்போதுமே அதிகம் சிக்கும்.

மொத்த எண்ணிக்கையைவிட வகைகளின் விகிதம்தான் அதிகம் பேசுகிறது என்பது என் கருத்து. இழை மிகுந்தால் வீட்டுச் சாக்கடை சுத்திகரிக்காமல் வருகிறதா என்று பாருங்கள். நாடா மிகுந்தால் பக்கத்துக் கரையில் சிதைந்த மணல் மூட்டை இருக்கும், அன்றைக்கே போய்ப் படம் எடுங்கள். இந்த மூட்டைகளைப் பிளாஸ்டிக் அல்லாத இயற்கை நார்ச் சாக்கில் கட்டச் சொல்லிக் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. படலங்கள் வருடத்துக்கு வருடம் குறைகின்றனவா என்று ஒரே இடத்தில் தொடர்ந்து எண்ணுகிறவர்களால்தான் சொல்ல முடியும். ஒரே ஒரு தடவை எடுத்ததை வைத்து 'ஆற்றில் பிளாஸ்டிக் கூடிவிட்டது' என்று எழுதாதீர்கள். இருக்கிறது என்று எழுதலாம். கூடியதா குறைந்ததா என்பதற்கு இரண்டாவது வருடம் வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

எண்ணிய துணுக்குகளைத் தட்டோடு தொட்டியில் கழுவிவிட்டால் அவை வந்த வழியே போய்விடும். ஒவ்வொரு மாதிரியையும் வடிதாளில் வடித்து, காய வைத்து, மடித்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சீட்டு ஒட்டி வையுங்கள். உப்புத் தண்ணீரை வடிகட்டி வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்கும் ஆகும். சல்லடையைக் கவிழ்த்து நன்றாகத் தட்டி, வடிகட்டிய தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரையும் வடிதாளில் வடித்துவிட்டு, கல்லூரியில் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் அடுத்த வாரம் மண் பரிசோதனை செய்வார்கள், ஜனவரியில் நீங்கள் மறுபடி கேட்டுப் போக வேண்டியிருக்கும்.